சாமுவேல் பிஸ்க் கிறீன்

சாமுவேல் பிஸ்க் கிறீன் (அக்டோபர் 10, 1822 - மே 28, 1884) யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவரும் மிசனரியும் ஆவார். மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். இதயத்தின் அமைப்பும் இயக்கமும் உட்பட மனித உடலைப் பற்றிய அறிவைத் தமிழில் எழுதவும் படிக்கவும் இயலும் என்பதைச் செயலில் காட்டியவர்.

பிறப்பும் கல்வியும்

ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்தில், வூஸ்டர் நகரை அடுத்த கிறீன் ஹில்லில் பிறந்தார். நியூயார்க் நகர வளர்ச்சியில் பெரும்பங்காற்றிய அண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் இவருடைய தமையனார். 1845இல் நியூயார்க்கில் மருத்துவப் படிப்பை முடித்தார். 1847இல் அமெரிக்க மிசன் மருத்துவராக இலங்கைக்கு வந்தார்.

யாழ்ப்பாணத்தில் பணி

முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய கிறீன், 1848இல் மானிப்பாயில் மருத்துவமனையையும் மருத்துவ வகுப்பையும் தொடங்கினார். இவர் சார்ந்த மிசன் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இயங்கியது. 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்றவர்களே மதுரை மிசனை நிறுவினர். இராமநாதபுரம் சமீன் அக்காலத்தில் மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்தது. இராமேசுவரம் கரையிலிருந்து மன்னார் வழியாகத் தோட்டத் தொழிலாளர் இலங்கைக்கு வந்துகொண்டிருந்தனர். இரு கரை மக்களுக்கும் மொழி ஒன்றே. மேலை மருத்துவர்களோ இரு கரையிலும் மிகச் சிலரே.

முதல் மாணவர்கள் ஆங்கிலத்தில் பயின்றனர். அவ்வாறு பயின்றவர்கள் அரசாங்க வேலையை நாடி வெளியூர்களுக்குச் செல்ல, கிராமங்கள் மருத்துவர் இன்றியே இருந்தன. எனவே கிறீன் தமிழ்வழிக் கல்விக்கு மாறத் தீர்மானித்தார். 1857இல் தாயகம் சென்ற அவர், 1862இல் திருமணம் செய்துகொண்டு மானிப்பாய்க்குத் திரும்பி, அத்திட்டத்தை நிறைவேற்றினார். மாணவர்கள் உடையிலும் வாழ்க்கை முறையிலும் தமிழராகவே இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். இவரிடம் அறுபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவம் பயின்றனர்.

தமிழ் நூல்கள்

மாணவர்களின் துணையுடன் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைத் தமிழில் வெளியிட்டார். அவற்றுட் சில:

* பிரசவ வைத்தியம் (1857)
* இரண வைத்தியம் (1867)
* மனுஷ அங்காதிபாதம் (1872) - உடற்கூற்று நூல்
* வைத்தியாகரம் (1872) - பொது மருத்துவ நூல்
* கெமிஸ்தம் (1875) - வேதியியல் நூல்
* மனுஷ சுகரணம் (1883) - உடலியங்கியல் நூல்

மனுஷ அங்காதிபாதத்தின் மூலநூலான கிரேயின் உடற்கூற்று நூல் இலண்டனில் 1858இல் வெளிவந்தது. 14 ஆண்டுகளில் அது தமிழுக்கு வந்துவிட்டது.

இதயம் பற்றிய அறிவு

நாடி பார்த்து நோயறிவது தமிழ் மருத்துவத்தில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். அந்த நாடித் துடிப்பு இதயத்திலிருந்து எவ்வாறு பிறக்கிறது என்பதை உடற்கூற்றியலும் உடலியங்கியலும் விளக்குகின்றன.

இதயத்தில் நான்கு அறைகளும் நான்கு வால்வுகளும் உள்ளன. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையே வலப்புறம் மூவிதழ் வால்வும் இடப்புறம் ஈரிதழ் வால்வும் இருக்கின்றன. கீழறைகளிலிருந்து நுரையீரல் தமனியும் பெருந்தமனியும் புறப்படும் வாயில்களில் அரைச்சந்திர வால்வுகள் உள்ளன. ஒருபுறம் மட்டுமே திறக்கும் கதவுபோல இவை இயங்குகின்றன. இவற்றைத் திறப்பதும் மூடுவதும் இரத்தத்தின் அழுத்தமே. இவை மூடும்போது எழும் ஒலியையே மருத்துவர் மார்பில் கேட்கிறார்.

வால்வு சுருங்கினால் இரத்தம் முன்செல்லத் தடை ஏற்படும். சரியாக மூடாவிட்டால் இரத்தம் பின்னோக்கிக் கசியும். இரு நிலையிலும் இதயம் கூடுதலாக உழைத்து நாளடைவில் தளர்கிறது. இடப்பக்கம் தளர்ந்தால் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு இரைக்கும். வலப்பக்கம் தளர்ந்தால் கால்களும் வயிறும் வீங்கும். மூச்சிரைப்பும் வீக்கமும் தனித்தனி நோய்களாகத் தோன்றினாலும் இரண்டுக்கும் ஒரே மூலம் இருக்கலாம் என்பதை இதயத்தின் அமைப்பை அறிந்த மருத்துவரே உணர்வார்.

கிறீன் காலத்தில் பழுதான வால்வைச் சீர்செய்யும் அறுவை மருத்துவம் இல்லை. செயற்கை வால்வு பொருத்தி நோயாளிகள் நீண்டநாள் வாழும் நிலை 1960க்குப் பின்னரே ஏற்பட்டது.

இறுதிக் காலமும் நினைவும்

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் நூற்பணியைத் தொடர்ந்து, 1884இல் கிறீன் ஹில்லில் காலமானார்.

கொழும்பில் 1870இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி ஆங்கிலவழியில் கற்பித்தது. கிறீன் சென்றபின் மானிப்பாயின் தமிழ்வழி மருத்துவக் கல்வியும் நீடிக்கவில்லை. அங்காதிபாதம், சுகரணம் போன்ற சொற்கள் வழக்கொழிந்து, அவற்றின் இடத்தில் உடற்கூற்றியல், உடலியங்கியல் என்பவை வந்துள்ளன. எனினும், மருத்துவம் கற்கத் தமிழில் நூல் உண்டா என்ற வினாவுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விடையளித்தவர் என்ற வகையில் கிறீன் நினைவுகூரப்படுகிறார். மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கியுள்ளது.