தபால் தலையும் நாட்டின் தலைவரும்

நான்கு முறை தேர்தலில் வென்று அமெரிக்காவை ஆண்ட பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டைச் சரித்திரப் பாடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் தபால் தலை சேகரித்த ரூஸ்வெல்ட்டை அறிந்தவர் சிலரே.

அவர் 1882 ஜனவரி 30ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் பிறந்தார். தாயார் சாரா தம் இளமையில் தொடங்கிய தபால் தலைத் தொகுப்பு, பின்னர் மகனின் கைக்கு வந்தது. கடல் மீதும் அவருக்குத் தீராத ஆசை. 1913 முதல் 1920 வரை கடற்படைத் துறையின் துணைச் செயலாளராக இருந்தார்.

1921 ஆகஸ்டில், 39ஆம் வயதில், இளம்பிள்ளை வாதம் தாக்கிக் கால்கள் செயலிழந்தன. ஓடியாடித் திரிந்த மனிதர் படுக்கையில் வீழ்ந்தார். அந்த இருண்ட நாட்களில் அவருக்குத் துணை நின்றவற்றுள் தபால் தலை ஆல்பமும் ஒன்று. காலால் செல்ல இயலாத நாடுகளுக்கு அவர் கண்ணால் சென்று வந்தார். 1933ல் குடியரசுத் தலைவரான பின்னும் அந்த ஆர்வம் குன்றவில்லை. அட்மிரல் பேர்டின் தென் துருவப் பயணத்தையொட்டி அவ்வாண்டு வெளியான தபால் தலைக்குத் தாமே மாதிரி வரைந்து கொடுத்தார்.

அமெரிக்கப் போர்க்கப்பல்களில் 1908 முதல் தபால் நிலையங்கள் இயங்கின. சேகரிப்போர் தம் முகவரி எழுதி, தபால் தலை ஒட்டிய உறையைக் கப்பலுக்கு அனுப்புவர். கப்பலின் பெயரும் தேதியும் கொண்ட முத்திரையைக் குத்தி, அங்குள்ள தபால் எழுத்தர் அதைத் திருப்பி அனுப்புவார். 1934ல் ரூஸ்வெல்ட் 'ஹூஸ்டன்' என்னும் போர்க்கப்பலில் பனாமா கால்வாய் வழியாக ஹவாய்த் தீவுகளுக்குச் சென்றார். பின்னரும் சிலமுறை அக்கப்பலில் பயணம் செய்தார். தலைவரைச் சுமந்த கப்பலின் முத்திரை பதிந்த உறைகளைச் சேகரிப்போர் பொன்போல் போற்றினர்.

1942 மார்ச் 1ஆம் நாள் ஜாவாவுக்கு அருகே, சுந்தா நீரிணையில், ஜப்பானியக் கடற்படையோடு போரிட்டு ஹூஸ்டன் மூழ்கியது. அதிலிருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் 368 பேரே உயிர் பிழைத்தனர். அவர்களும் போர்க் கைதிகளாயினர். ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12ஆம் நாள் மறைந்தார். அடுத்த ஆண்டு அவரது தொகுப்பு ஏலத்தில் விற்கப்பட்டுப் பலர் கைக்குச் சென்றது.

கப்பல் கடலடியில் கிடக்கிறது. தலைவர் மண்ணில் உறங்குகிறார். அக்கப்பல் இன்ன நாளில் மிதந்தது என்று சொல்ல, மெல்லிய காகித உறை மட்டும் மிஞ்சியிருக்கிறது. தபால் தலையை மட்டும் கிழித்தெடுத்திருந்தால் அந்தச் சாட்சியும் அழிந்திருக்கும்.

நண்பர்களே! வீட்டுப் பரணில் பழைய உறை கிடைத்தால், அதைக் கிழிக்குமுன் முத்திரையைப் படியுங்கள். அதில் ஒரு வரலாறு காத்திருக்கலாம்.