உலக சாம்பியன், ஆனால் பரிசுப் பணம் கிடையாது: வில்சன் ஜோன்ஸும் பில்லியர்ட்ஸ் மேசையின் பொருளாதாரமும்

சென்னை சென்ட்ரலிலிருந்து கொல்கத்தா கிளம்பும் சில ரயில்கள் ஹவுரா வரை போகாது. அதற்கு முன்னாடியே சாந்த்ராகாச்சியில் உங்களை இறக்கிவிட்டுவிடும். ஸ்டேஷனை ஒட்டி ஒரு பெரிய ஏரி. டிசம்பர் மாதம் என்றால் வெளிநாட்டுப் பறவைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கியிருக்கும். அங்கிருந்து வண்டி பிடித்து, 1992இல் திறந்த வித்யாசாகர் சேதுவைத் தாண்டினால் கொல்கத்தா. டல்ஹவுசி சதுக்கம் பக்கம் போனால், பிரிட்டிஷ் காலத்து கிரேட் ஈஸ்டர்ன் ஹோட்டல் இன்றும் நிற்கிறது.

1958 டிசம்பரில் இந்த ஹோட்டலில்தான் ஓர் இந்தியர் முதல்முறையாக உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். பெயர் வில்சன் ஜோன்ஸ். வயது 36. சுதந்திர இந்தியாவின் முதல் உலக சாம்பியன் என்று அவரைச் சொல்கிறார்கள்.

உங்க தெருமுனை பூல் பார்லரில் நாள் முழுக்க க்யூ பிடித்து நிற்கும் பசங்களைப் பார்த்து, இதுல என்னப்பா வருமானம் என்று நீங்க யோசித்திருக்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஜோன்ஸின் வாழ்க்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

யார் இந்த வில்சன் ஜோன்ஸ்?

1922 மே 2ஆம் தேதி புனேவில் பிறந்தவர். ஆங்கிலோ-இந்தியர். பிறகு பம்பாய்க்காரர் ஆனார். 1950இல் முதல்முறையாக தேசிய பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். 1966 வரை மொத்தம் 12 முறை. அதாவது 17 ஆண்டுகளில் 12 பட்டங்கள். இதோடு, 1948க்கும் 1960க்கும் இடையில் 5 முறை தேசிய ஸ்னூக்கர் பட்டமும் அவருடையது.

உலகப் பட்டம் இரண்டு முறை: 1958இல் கொல்கத்தா, 1964இல் நியூசிலாந்தின் புகேகோஹே. 1962ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது, 1965இல் பத்மஸ்ரீ, 1996இல் துரோணாச்சார்யா. 2003 அக்டோபர் 5ஆம் தேதி மும்பையில் காலமானார். அப்போது வயது 81.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயம் மட்டும் இல்லை, கவனித்தீர்களா? பரிசுத் தொகை.

பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர், பூல்: எது என்ன?

மூன்றுமே பச்சைத் துணி போர்த்திய மேசையில் நீளக் குச்சியால் பந்தைத் தட்டும் ஆட்டங்கள்தான். ஆனால் ஒன்று இல்லை இன்னொன்று.

ஜோன்ஸ் ஆடிய பில்லியர்ட்ஸில் மூன்றே பந்துகள். 12 அடி நீளம், 6 அடி அகலம் கொண்ட மேசை. உங்கள் பந்து மற்ற இரண்டையும் தொட்டால் 2 புள்ளி. அதற்கு கேனன் என்று பெயர். சிவப்புப் பந்தைக் குழிக்குள் தள்ளினால் 3. இப்படியே தப்பு செய்யாமல் நூற்றுக்கணக்கில் சேர்த்துக்கொண்டே போகணும்.

ஸ்னூக்கர் நம்ம நாட்டில் பிறந்தது. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி உருவாக்கினார் என்பதுதான் ஏற்றுக்கொள்ளப்பட்ட வரலாறு. (பின்னாளில் பிரிட்டன் பிரதமரான சேம்பர்லேன் வேறு ஆள்.) விதிகள் ஒழுங்கான வடிவம் பெற்றது 1880களில், நம்ம ஊட்டி கிளப்பில்.

பூல் சின்ன மேசை ஆட்டம். போட்டிகளுக்கு 9 அடி மேசை. அமெரிக்காவில் செழித்து, இன்று மால்களிலும் பார்லர்களிலும் நீங்க பார்ப்பது.

பட்டம் வந்தது, பணம் ஏன் வரவில்லை?

ஜோன்ஸ் வென்ற பட்டத்தின் பெயரிலேயே பதில் இருக்கிறது: அமெச்சூர். அன்றைய விதிப்படி, ஆட்டத்துக்காகக் காசு வாங்குபவர் அமெச்சூர் கிடையாது. காசு வாங்கினால் அந்தப் போட்டியில் ஆட முடியாது. கோப்பை வாங்கலாம், கைதட்டல் வாங்கலாம். வயிற்றுப்பாட்டுக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த விதி யாருக்கு வசதி? வீட்டில் சொத்து உள்ளவருக்கும், ஆட்டத்துக்குப் போக விடுப்பு கொடுக்கும் முதலாளி உள்ளவருக்கும். மேசை இருந்ததோ கிளப்களிலும் அரண்மனைகளிலும். கனமான ஸ்லேட் கல்லைப் பதித்த அந்த மேசையை யாரும் வீட்டு ஹாலில் போட முடியாது. கிளப்புக்குள் நுழைய உறுப்பினராக இருக்கணும், இல்லையென்றால் வேலைக்காரராக. புள்ளிக் கணக்கு சொல்லி, பந்து எடுத்து வைத்து, உறுப்பினர்களோடு ஆடி அவர்களுக்குக் கைப்பழக்கம் கொடுத்தவர்களுக்கு மார்க்கர் என்று பெயர். மேசைப் பக்கத்தில் சம்பளம் வாங்கிய இந்தியர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். சம்பளம், கூடவே கொஞ்சம் டிப்ஸ். ஆட்டம் எவ்வளவு நல்லா வந்தாலும் பெயர் வெளியே வராது.

ஒரு பக்கம் ஆட்டத்தில் பெயர், காசு இல்லை. மறுபக்கம் ஆட்டத்தில் காசு, பெயர் இல்லை. ஜோன்ஸ் முதல் பக்கத்தில் இருந்தார்.

தொழில்முறைக்கு மாறியிருக்கலாமே?

நல்ல கேள்வி. ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறு கதை தெரியும்.

உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸ் பட்டத்துக்கு 1951இல் போட்டி நடந்தது. அடுத்தது எப்போது தெரியுமா? 1968இல். நடுவில் 17 ஆண்டுகள் எதுவும் இல்லை. உலகத் தொழில்முறை ஸ்னூக்கர் பட்டமும் 1957க்குப் பிறகு நின்றுபோய், 1964இல்தான் மறுபடி உயிர் பெற்றது.

அதாவது 1958இல் ஜோன்ஸ் உலக சாம்பியன் ஆனபோது, இரண்டு ஆட்டங்களிலுமே தொழில்முறை உலகப் போட்டி என்று ஒன்றே இல்லை. அவர் அமெச்சூர் அந்தஸ்தை விட்டுவிட்டு வந்திருந்தாலும், போய்ச் சேர ஓர் இடம் இருந்திருக்காது.

அப்போ மற்ற நாடுகளில் எப்படிச் சம்பாதித்தார்கள்?

மூன்று உதாரணங்கள் பாருங்க.

முதலாவது, ஜான் ராபர்ட்ஸ் ஜூனியர். 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற இங்கிலாந்து ஆட்டக்காரர். பலமுறை இந்தியா வந்தவர். ஜெய்ப்பூர் மகாராஜா இவரைத் தன் அரசவை ஆட்டக்காரராகவே நியமித்தார் என்பார்கள். 1885இல் கொல்கத்தாவில் சேம்பர்லேனைச் சந்தித்து ஸ்னூக்கர் விதிகளைக் கேட்டறிந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனவரும் இவரே என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. வருமான வழி: புரவலர்.

இரண்டாவது, ஜோ டேவிஸ். 1927இல் நடந்த முதல் உலகத் தொழில்முறை ஸ்னூக்கர் போட்டியை வென்றவர். பரிசு 6 பவுண்ட் 10 ஷில்லிங். ஆறு லட்சம் இல்லை, ஆறு பவுண்ட்! அவர் வாழ்ந்தது பட்டத்தை வைத்துக் கிடைத்த காட்சி ஆட்டங்களால். டிக்கெட் போட்டு, ஊர் ஊராகப் போய் ஆடிக் காட்டுவது.

மூன்றாவது, வில்லி மோஸ்கோனி. ஜோன்ஸின் காலத்தவர், அமெரிக்க பூல் ஆட்டத்தில் 15 முறை உலக சாம்பியன். மேசை தயாரிக்கும் பிரன்ஸ்விக் நிறுவனம் அவருக்குச் சம்பளம் கொடுத்து நாடு முழுக்க ஆட வைத்தது. 1961இல் வந்த தி ஹஸ்லர் படத்துக்குத் தொழில்நுட்ப ஆலோசகராகவும் இருந்தார். வருமான வழி: விளம்பரமும் சினிமாவும்.

கவனிங்க, மூன்று பேருக்குமே போட்டிப் பரிசு முக்கிய வருமானம் இல்லை. இவர்களுக்கு இருந்த மற்ற வழிகளையும் அமெச்சூர் விதி ஜோன்ஸுக்கு அடைத்துவிட்டது.

ஆட்டத்தை நிறுத்தியதும்தான் ஆட்டத்தில் சம்பளம்

1964இல் இரண்டாவது உலகப் பட்டம் வென்றபோது ஜோன்ஸுக்கு 42 வயது. 1967இல் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்று, தொழில்முறைப் பயிற்சியாளர் ஆனார். கைத்திறமையைக் காசாக்க அவருக்கு வழி திறந்தது, அந்தக் கை போட்டியிலிருந்து விலகிய பிறகுதான். அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்ததற்கு அரசு துரோணாச்சார்யா விருது தந்தபோது அவருக்கு வயது 74.

பத்மஸ்ரீயோடு பணம் வராது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்க. பதக்கமும் சான்றிதழும் மட்டும்தான்.

இது ஜோன்ஸ் ஒருவரின் கதை மட்டுமல்ல. 1973இல் பம்பாயில் இதே உலக அமெச்சூர் பட்டத்தை வென்ற இலங்கையின் எம்.ஜே.எம். லாபிரும் அதே விதிக்குள்தான் ஆடினார். இலங்கைக்கு அதுதான் முதல் உலக சாம்பியன் பட்டம். 1981இல் அவர் காலமானார்.

இந்தியாவில் வாசல் திறக்க இன்னும் காலம் பிடித்தது. 1992இல் கீத் சேத்தி உலகத் தொழில்முறை பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். கொல்கத்தா வெற்றிக்கு 34 ஆண்டுகள் கழித்து.

இன்று நிலைமை என்ன?

அமெச்சூர் என்ற சொல்லே அர்த்தம் மாறிவிட்டது. 2025இல் உலக ஸ்னூக்கர் சாம்பியன் ஆன சீனாவின் ஜாவோ சின்டாங், தொழில்முறைப் பட்டியலுக்கு வெளியே, அமெச்சூராகத்தான் ஆடினார். அவர் வாங்கிய பரிசு 5 லட்சம் பவுண்ட். பூலிலும் பணம் வந்துவிட்டது: 2024 உலக பூல் சாம்பியன்ஷிப்பில் மொத்தப் பரிசு 10 லட்சம் டாலர், அதில் வென்றவருக்கு 2.5 லட்சம்.

ஆனால் இந்தப் பெரிய எண்களைப் பார்த்து மயங்காதீங்க. அது உச்சியில் இருக்கும் ஒருவருக்கான தொகை. கீழே இருப்பவர்களின் கணக்கு இப்படித்தான்:

பரிசு: விமான டிக்கெட், ஹோட்டல், நுழைவுக் கட்டணம் எல்லாம் பெரும்பாலும் சொந்தச் செலவு. பல பூல் போட்டிகளில் பரிசுத் தொகையின் ஒரு பகுதியே ஆட்டக்காரர்கள் கட்டும் நுழைவுக் கட்டணம்தான். முதல் சுற்றில் தோற்றால் கைக்காசு போச்சு. இதனால்தான் உலக ஸ்னூக்கர் சுற்றில் 2022-23 பருவத்தில், தொழில்முறை ஆட்டக்காரருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 20,000 பவுண்ட் என்ற உத்தரவாதத்தைக் கொண்டுவந்தார்கள்.

விளம்பர ஆதரவு: க்யூ, மேசை, துணி தயாரிக்கும் நிறுவனங்கள் தருவது. டிவியில் முகம் தெரிந்தால்தான் இது வரும்.

பயிற்சி: அகாடமி, பார்லர், தனி வகுப்பு. தொகை சின்னது, ஆனால் மாதாமாதம் வரும்.

வேலை: இந்தியாவில் இதுதான் முதுகெலும்பு. 28 உலகப் பட்டங்களை வென்ற பங்கஜ் அத்வானி ஓஎன்ஜிசி ஊழியர். பெட்ரோலிய நிறுவனங்களின் விளையாட்டு வாரியத்துக்காக ஆடும் பெயர்கள் தேசியப் போட்டிகளில் ஏராளம்.

ராபர்ட்ஸுக்கு மகாராஜா. இன்றைய இந்திய ஆட்டக்காரருக்கு பொதுத்துறை நிறுவனம். புரவலர் மாறியிருக்கிறார், புரவலர் தேவை மாறவில்லை.

அந்த வேலைக்கும் ஒரு சிக்கல் இருக்கு. ஆசிய விளையாட்டுப் போட்டியில் க்யூ ஆட்டங்கள் 1998 முதல் 2010 வரை இருந்தன. 2014இல் நீக்கப்பட்டன. ஒலிம்பிக்கில் எப்போதும் இருந்ததில்லை. பதக்கப் பட்டியலில் இடமில்லாத ஆட்டத்துக்கு வேலையும் நிதியும் கேட்பது கஷ்டம்.

வீட்டில் ஒரு பிள்ளை கேட்டால்?

உங்க மகனோ மகளோ க்யூ பிடிக்க ஆசைப்பட்டால், வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. எவ்வளவு ஜெயிப்பாய் என்று கேட்கவும் வேண்டாம். ஜெயிக்காத மாதத்தில் பணம் எங்கிருந்து வரும் என்று இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுங்க. படிப்பு, விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை, பயிற்சியாளர் தகுதி ஆகிய மூன்றில் ஒன்றாவது கையில் இருந்தால், மேசையில் பயமில்லாமல் ஆடலாம்.

வில்சன் ஜோன்ஸ் இரண்டு உலகப் பட்டங்களை வென்றது, அந்த வெற்றியில் ஒரு பைசா வராது என்று தெரிந்தே. அடுத்த முறை சாந்த்ராகாச்சியில் இறங்கி, டல்ஹவுசி பக்கம் போக நேர்ந்தால், கிரேட் ஈஸ்டர்னை ஒரு நிமிஷம் நின்று பாருங்க. ஹோட்டல் கைமாறி, புதுப்பிக்கப்பட்டு, 2013இல் மறுபடி திறந்தது. 1958 டிசம்பரில் இதே கட்டடத்தில் ஒருவர் நாட்டுக்கு உலகப் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் செலவுக்கு வேறு வழி பார்க்க ஊர் திரும்பினார்.