ஜேம்ஸ் ஹார்னெல்

மாப்பிள்ளையூரணியை அடுத்த தூத்துக்குடிக் கடலடியில் முத்துச்சிப்பிகள் வாழும் பாறைத்திட்டுகள் பல உள. பரதவர் இவற்றைப் 'பார்' என வழங்குவர். ஓராண்டு சிப்பி செறிந்து கிடக்கும் பார், மறு ஆண்டு வெறும் பாறையாய்க் கிடப்பதும் உண்டு. முத்துக்குளிப்பு நிகழ்ந்த காலத்தில் அவ்வாண்டு குளியாட்களின் மனைகளில் வறுமை புகுந்தது. இதன் காரணத்தைக் காண முற்பட்டவருள் ஒருவரே ஜேம்ஸ் ஹார்னெல் என்னும் ஆங்கில அறிஞர்.

1865-ஆம் ஆண்டு பிறந்த இவர், 1902-இல் பேராசிரியர் ஹெர்ட்மனுடன் இலங்கை போந்து, மன்னார் வளைகுடாப் பார்களை ஆராய்ந்தார். ஹெர்ட்மன் சில திங்களில் தாயகம் திரும்பினார். இவரோ தங்கிப் பணியைத் தொடர்ந்தார். பின்னர்ச் சென்னை அரசின் மீன்துறையிற் சேர்ந்து முத்து, சங்குக் குளிப்புகளைக் கண்காணித்தார். அத்துறையின் இயக்குநராகவும் உயர்ந்தார்.

மிகுதியாகக் குளித்தலே பார்கள் அழியக் காரணம் என்று எண்ணுதல் எளிது. ஆனால், மணல் பெயர்ந்து மூடுதலாலும், திருக்கை முதலிய மீன்களுக்கு இரையாதலாலும் சிப்பிகள் தாமே திரள்திரளாக மடிதலை ஆராய்ச்சி காட்டிற்று. இளஞ்சிப்பியை எடுப்பின் முத்துச் சிறுக்கும். முதிரட்டும் எனக் காத்திருப்பின் சிப்பியே எஞ்சாது போகலாம். வேலியிட்டுக் காக்கக் கடல் கழனியன்றே! ஆதலின் பார்களை அடிக்கடி சோதித்துச் சிப்பிகளின் வயதை அறிதல் இன்றியமையாததாயிற்று.

சங்கின் நிலை வேறு. இரண்டேகால் அங்குல வளையத்துள் நுழையும் சிறு சங்குகளை உயிருடன் கடலிலேயே விட்டுவிடுதல் அந்நாளில் தூத்துக்குடி வழக்கமாயிருந்தது. சங்கைப் பற்றி இவர் எழுதிய விரிவான நூல் 1914-இல் வெளிவந்தது. முதுமையிலும் ஓய்வறியாத இவர், கட்டுமரம் முதலிய கலங்களின் வரலாற்றை 1946-இல் நூலாக்கி, 1949-இல் மறைந்தார். தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளிப்பு நிகழ்ந்தது 1961-ஆம் ஆண்டில்.