ஏலத்திற் போகாத பொருள்

யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்து கிடக்கும் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் தாயகத்து நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ப்ற் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று. இவற்றுள் டெல்ப்ற் என்னும் பெயரே இன்றும் பெருவழக்காய் நிலைத்துள்ளது. ஏனையவை பெரும்பாலும் பழைய தேசப்படங்களோடு நின்றுவிட்டன. அப்பெயர்களுக்கு மூலமான லெய்டனிலே பிறந்து, அம்ஸ்டர்டாமிலே வாழ்ந்து மறைந்த ஓவியன் ஒருவனுடைய வரலாற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றேன். உலகம் அவனை றெம்பிராண்ட் என்று அறியும்.

ஐரோப்பாவில் வாழும் உறவினரைக் காணச் சென்ற காலத்தில், அம்ஸ்டர்டாம் நகரத்து றெய்க்ஸ் நூதனசாலையிலே ஒரு பகற்பொழுதைக் கழிக்கும் பேறு எனக்குக் கிடைத்தது. கைப்பெர்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த அம்மாளிகை 1885ஆம் ஆண்டிலே திறக்கப்பெற்றது. 2003 முதல் 2013 வரை திருத்தப்பெற்றுப் புதுப்பொலிவு எய்தியது. அதன் நடுவே நீண்ட மண்டபமொன்று உண்டு. இருமருங்கும் வெர்மீர், பிரான்ஸ் ஹால்ஸ், யான் ஸ்டேன் முதலியோரின் படங்கள் விளங்க, மண்டபத்தின் கோடியிலே றெம்பிராண்டின் பேரோவியம் தோன்றுகின்றது. மகாமண்டபங் கடந்து மூலத்தானத்தை நோக்கிச் செல்வார்போல மக்கள் அதனை நோக்கிச் செல்கின்றனர். இத்துணைப் பெருமை பெற்றவன் தன் வாழ்நாளின் பிற்பகுதியிலே சொந்தமாக ஒரு வீடுமின்றி வாழ்ந்தான் என்பது அவர்களுட் பலருக்குத் தெரிந்திராது.

றெம்பிராண்ட் 1606ஆம் ஆண்டு யூலை மாதம் 15ஆந் திகதி பிறந்தான். தந்தை காற்றாலை வைத்துத் தானியம் அரைப்பவர். தாய் பாண் சுட்டு விற்கும் குடும்பத்துப் பெண். பெற்றோர் அவனைப் படிப்பாளியாக்க விரும்பினர் போலும். இலத்தீன் பாடசாலையிலே கற்பித்து, 1620ஆம் ஆண்டில் லெய்டன் சர்வகலாசாலையிலும் பெயர் பதிவித்தனர். ஆயினும், ஏட்டிலே படியாத மனம் தூரிகையிலே படிந்தது. லெய்டனில் ஸ்வானன்பேர்க் என்பவரிடத்திற் சில ஆண்டும், அம்ஸ்டர்டாமில் லாஸ்ற்மன் என்பவரிடத்திற் சில மாதமும் பயின்று, இளமையிலேயே தனித்தொழில் தொடங்கினான்.

அவ்விளமைக் காலத்தில், 1628ஆம் ஆண்டளவில், அவன் தன்னைத்தானே தீட்டிய சிறு படமொன்று அந்நூதனசாலையில் உண்டு. கன்னத்திலும் கழுத்திலும் மட்டுமே ஒளி விழுகின்றது. கண்கள் நிழலில் ஆழ்ந்து கிடக்கின்றன. ஈரமான வர்ணத்தைத் தூரிகைக் காம்பின் நுனியாற் கீறிச் சுருண்ட மயிரைக் காட்டியிருக்கின்றான். தன் முகத்தையே பாடநூலாகக் கொண்டு பயிலத் தொடங்கியவன் இறுதிவரை அப்பயிற்சியை விடவில்லை. ஓவியமும் செப்புத்தகட்டு அச்சும் சித்திரமுமாக அவன் தன் முகத்தை வரைந்தவை எண்பதளவில் உள.

1631ஆம் ஆண்டின் இறுதியளவில் அவன் அம்ஸ்டர்டாமிற் குடியேறினான். அடுத்த ஆண்டிலே, வைத்தியர் துல்ப் என்பவர் பிணமொன்றை அறுத்து எழுவருக்கு உடற்கூறு விளக்குங் காட்சியைத் தீட்டினான். இப்போது ஹேக் நகரத்து நூதனசாலையில் உள்ள அப்படம் அவன் புகழை நகரெங்கும் பரப்பியது. செல்வர் அவனை நாடினர். 1634ஆம் ஆண்டில் சாஸ்கியா என்னும் நற்குடிப் பெண்ணை மணந்தான். 1639ஆம் ஆண்டிலே 13,000 கில்டர் விலைக்குப் பெரிய வீடொன்றை வாங்கினான். பணம் முழுவதையும் அப்போதே கொடுக்க அவனால் இயலவில்லை. அக்கடன் பின்னாளில் அவனை விழுங்கியது.

மண்டபத்தின் கோடியிலுள்ள பேரோவியம் 1642ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. தளபதி பிரான்ஸ் பன்னிங் கொக் என்பவரின் ஊர்காவற் படையினர் தம்மை ஒருசேரத் தீட்டுவித்த படம் அது. அக்கால வழக்கப்படி வரிசையாக நிறுத்தி வரையாமல், புறப்படும் வேளையின் பரபரப்பிலே அவர்களை நிறுத்தினான் றெம்பிராண்ட். மேற்பூச்சு காலத்தாற் கறுத்தமையின் இராக்காவல் என்ற பெயர் பிற்காலத்தே வந்து பொருந்திற்று. மெய்யில் அது பகற்காட்சி. 1715ஆம் ஆண்டில் நகரமண்டபத்துச் சுவருக்கு அடங்கவில்லை என்று அதன் ஓரங்களை வெட்டினர். அதனால் இடப்புறத்து உருவங்கள் சில ஒழிந்தன. எஞ்சிய பகுதியே ஏறத்தாழ நான்கரை மீற்றர் அகலமுடையது. படத்தை உரியவர் வெறுத்தனர் என்றும், அதனால் ஓவியன் வாழ்வு கெட்டது என்றும் நெடுங்காலம் ஒரு கதை வழங்கிற்று. அதற்கு ஆதாரமில்லை என்பதே இன்றைய ஆராய்ச்சியாளர் முடிபு.

வாழ்வைக் குலைத்தவை வேறு. பிள்ளைகள் மூவர் பிறந்த சில வாரங்களிலே இறந்தனர். நான்காவதாக 1641ஆம் ஆண்டிற் பிறந்த தீத்துஸ் என்னும் மகன் ஒருவனே பிழைத்தான். அவனுக்கு ஒரு வயது நிரம்புமுன், 1642 யூன் மாதத்தில், சாஸ்கியா முப்பது வயதும் நிறையாமல் மறைந்தாள். இராக்காவல் நிறைவுற்றதும் அவ்வாண்டே.

இவ்விடத்து, போற்றுவோர் பலர் விரைந்து கடந்து செல்லும் ஒரு செய்தியைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. குழந்தை தீத்துஸை வளர்க்க வந்த கேர்த்யே என்னும் விதவையோடு றெம்பிராண்ட் சில ஆண்டு வாழ்ந்தான். பின்பு அவளை விலக்கினான். மணஞ்செய்வதாக வாக்களித்தான் என்று அவள் வழக்குத் தொடுத்தாள். ஆண்டொன்றுக்கு 200 கில்டர் அவளுக்குக் கொடுக்குமாறு 1649ஆம் ஆண்டில் மன்றம் பணித்தது. மறு ஆண்டிலே, அவளைக் கௌடா நகரத்துத் திருத்தச் சிறையில் அடைப்பிக்க அவன் துணைநின்றான். நண்பர் முயற்சியால் 1655ஆம் ஆண்டிலேதான் அவள் வெளிவந்தாள். முதியோர் முகத்து ஒவ்வொரு சுருக்கத்துக்கும் இரங்கிய கண், தன் வீட்டிலே வாழ்ந்த ஒருத்திக்கு இரங்கவில்லை.

வீட்டுப் பணிக்கு வந்த ஹெண்ட்றிக்யே அதன்பின் அவனுக்குத் துணையானாள். சாஸ்கியாவின் மரணசாசனத்து நிபந்தனை மறுமணத்துக்குத் தடையாய் நின்றது. மணமின்றிக் கூடி வாழ்ந்த குற்றத்துக்காக 1654ஆம் ஆண்டிலே திருச்சபையினர் ஹெண்ட்றிக்யேயை விசாரித்து நற்கருணையினின்றும் விலக்கினர். அவ்வாண்டே கொர்னேலியா என்னும் மகள் பிறந்தாள்.

இதற்கிடையிற் கடன் முற்றியது. ஆங்கிலேயரோடு நேர்ந்த கடற்போரால் வாணிகம் தளர்ந்திருந்த காலம் அது. 1656ஆம் ஆண்டில் றெம்பிராண்ட் தன் உடைமை அனைத்தையும் மன்றத்தில் ஒப்படைத்தான். அதிகாரிகள் அறை அறையாய்ப் புகுந்து எழுதிய பட்டியல் 363 இலக்கங்கள் கொண்டது. உரோமச் சக்கரவர்த்திகளின் தலைச்சிலைகள், இத்தாலிய அச்சோவியங்கள், படைக்கலங்கள், சங்கு சிப்பிகள், யப்பானியத் தலைக்கவசம் எல்லாம் அதில் ஏறின. கீழைத்தேயப் பொருள்கள் பல ஒல்லாந்தக் கம்பனியின் கப்பல்களிலே அந்நகரை வந்தடைந்தவை. மொகலாயச் சிற்றோவியங்களைப் பார்த்துச் சாஜகான் முதலியோரைக் கீழைத்தேயக் கடதாசியிலே றெம்பிராண்ட் வரைந்த சித்திரங்கள் இருபதுக்கு மேல் இன்றும் உள. நாடு கடந்து ஓரடியும் செல்லாத அவனுக்கு நம் பக்கத்து உலகம் இவ்வாறு தெரியவந்தது.

1658ஆம் ஆண்டிலே வீடு 11,218 கில்டருக்கு விலைபோயிற்று, கடன் தீரவில்லை. அவ்வாண்டு யூன் மாதத்திலேதான், மூன்று மாத முற்றுகைக்குப் பின், யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் கையினின்றும் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அம்ஸ்டர்டாம் வாணிகர் ஒரு நாட்டைப் பெற்ற ஆண்டில், அந்நகரத்து மிகப் பெரிய ஓவியன் தன் வீட்டை இழந்தான். இரண்டுக்கும் காரணத் தொடர்பு இல்லை. ஆயினும், செல்வம் எப்பக்கம் பாய்ந்தது, எவரைத் தீண்டாமற் சென்றது என்பதை இவ்வொற்றுமை நமக்கு உணர்த்தும்.

அதன்பின் அவன் றோசன்கிறாக்ற் என்னும் கால்வாய்த் தெருவில் வாடகை வீட்டில் வாழ்ந்தான். கடன்கொடுத்தோர் அவன் உழைப்பைப் பறியாதவாறு, ஹெண்ட்றிக்யேயும் தீத்துஸும் 1660ஆம் ஆண்டிலே ஓர் ஓவிய வாணிகம் அமைத்து, அவனை அதிற் பணியாளனாக்கினர். அந்நூதனசாலையில் என்னை நெடுநேரம் நிறுத்திய படங்கள் இவ்வறுமைக் காலத்தனவே. துணி வாணிகச் சங்கத்து அதிகாரிகளின் படம் 1662ஆம் ஆண்டினது. யூத மணமகள் எனப் பெயர்பெற்ற படத்திலே, கணவன் மனைவியின் மார்பில் மெல்லக் கைவைக்க, அவள் தன் விரல்களால் அக்கையைத் தொடுகின்றாள். அவன் சட்டைக் கையின் பொன்னிறம் பூசப்பட்டதன்று. அப்பியது போலத் தடித்து ஒளிர்கின்றது.

1661ஆம் ஆண்டிலே அவன் தன்னைப் பவுல் அப்போஸ்தலராக வரைந்த படமும் அங்கேயே உண்டு. 55 வயது முகம், தளர்ந்த கன்னம், உயர்த்திய புருவம், நெற்றியிலே சுருக்கம். முப்பத்துமூன்று ஆண்டின் முன் நிழலில் மறைந்திருந்த கண்கள் இப்போது நேரே நம்மைப் பார்க்கின்றன. தன்னை அழகனாகவோ தியாகியாகவோ அவன் காட்டவில்லை. என் வயதை ஒத்த அம்முகத்தின் முன் நின்றபோது, அது எதையும் மறைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றியது.

1663ஆம் ஆண்டில் ஹெண்ட்றிக்யே இறந்தாள். 1668ஆம் ஆண்டிலே, மணமாகிச் சில மாதங்களுள், தீத்துஸும் இறந்தான். 1669 ஒக்டோபர் 4ஆந் திகதி றெம்பிராண்ட் மறைந்தான். மேற்குத் தேவாலயத்திலே அடையாளமற்ற கல்லறையில் அவனை அடக்கஞ் செய்தனர். அதன் இடம் இன்று எவருக்கும் தெரியாது.

கலைஞனை மாணவர்க்குக் கற்பிக்கும்போது அவன் குறையை மறைக்கலாமா என்று ஆசிரியர்கள் வினவுவதுண்டு. மறைத்தல் வேண்டா என்பதே என் கருத்து. கேர்த்யேயின் சிறைவாசத்தை எந்தச் சித்திரமும் ஈடுசெய்யாது. அவள் துயரத்தைக் காட்டி அச்சித்திரங்களை அழிக்கவும் இயலாது. இரண்டையும் ஒருங்கே சொல்வதே வரலாறு. 363 இலக்கங்களில் அடங்கிய உடைமைகள் பல கைகளிற் சிதறின. மனித முகத்தை உள்ளவாறு நோக்கும் பார்வை ஒன்றே பட்டியலில் ஏறவில்லை. ஏலத்தில் விலைபோகவும் இல்லை. பொருளையும் பெயரையும் இழந்த நாளிலும் அதனை அவன் இழக்கவில்லை. எழுத்தையோ சித்திரத்தையோ தொழிலாகக் கொள்ள நினைக்கும் மாணவர்கள் அவனிடத்துக் கற்கவேண்டியது அதுவே. கற்கக்கூடாதது எதுவென்பதும் அவன் வரலாற்றிலேயே உள்ளது.