பண்டித ரமாபாய்: கேள்விகளைக் கைவிடாத விசுவாசி

பண்டித ரமாபாயின் பெயரை ஞாயிறு பாடசாலையில்தான் முதலில் கேட்டேன். பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரானவர், விதவைகளுக்கு அடைக்கலம் கொடுத்தவர், வேதாகமத்தை மராத்தியில் மொழிபெயர்த்தவர். இப்படி மூன்று வரிகளில் முடிந்துவிடும் அந்தக் கதையில் சந்தேகத்துக்கு இடமே இருக்கவில்லை.

2009 இல் முகாமில் இருந்த நாட்களில் என்னால் ஜெபிக்க முடியவில்லை. ஆறுதல் சொல்ல வந்த ஊழியர் ஒருவரிடம், எங்களுக்கு ஏன் இப்படி நடந்தது என்று கேட்டேன். அப்படிக் கேட்பதே அவிசுவாசம் என்றார். அதன் பிறகு நான் யாரிடமும் கேட்கவில்லை. பல வருடங்கள் கழித்து ரமாபாய் தன்னைப் பற்றி எழுதியதையும் அவருடைய கடிதங்களையும் வாசித்தேன். ஞாயிறு பாடசாலையில் எங்களுக்குச் சொல்லாமல் விட்ட பகுதிதான் அந்த வாழ்க்கையின் பெரும்பகுதி என்று அப்போதுதான் தெரிந்தது.

ரமாபாய் 1858 ஏப்ரல் 23 ஆம் திகதி, மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்ற காட்டுப் பகுதியில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே பெரிய சமஸ்கிருதப் பண்டிதர். பெண்ணுக்குச் சமஸ்கிருதம் கற்பிக்கக்கூடாது என்றிருந்த காலத்தில் தன் மனைவி லக்ஷ்மிபாய்க்குக் கற்பித்தார். அதனால் எழுந்த எதிர்ப்பில் ஊரை விட்டுக் காட்டுக்குள் குடியேறினார். பிறகு குடும்பமாகத் தலம் தலமாகச் சென்று புராணம் வாசித்து, கிடைக்கும் தட்சணையில் வாழ்ந்தார்கள். தாயே ரமாபாய்க்கு ஆசிரியை. பாகவதத்தின் பதினெட்டாயிரம் சுலோகங்களையும் சிறுமி மனப்பாடம் செய்தாள்.

1870களில் சென்னை மாகாணத்தில் பஞ்சம் வந்தது. கையில் இருந்த பணமெல்லாம் தானத்துக்கும் பூசைக்கும் போயிருந்தது. திருப்பதிக் காட்டில் பதினொரு நாட்கள் அந்தக் குடும்பம் தண்ணீரையும் இலைகளையும் ஒரு கைப்பிடி காட்டு ஈச்சம்பழத்தையும் கொண்டு உயிரோடு இருந்தது. கண் பார்வை மங்கிய தந்தை, இனிப் பொறுக்க முடியாது, புனிதக் குளத்தில் இறங்கி உயிர்விடுகிறேன் என்று முடிவெடுத்தார். மகன் சீனிவாசன் கூலிவேலைக்குப் போவதாகச் சொல்லித் தடுத்தான். ஆனாலும் தந்தை அதிக நாள் இருக்கவில்லை.

அடுத்தது தாய். தாய்க்கு ஒரு துண்டு ரொட்டி கேட்டு ஒரு வீட்டு வாசலில் நின்றபோது வாய் திறக்க முடியாமல் நா எழாமல் போனதை ரமாபாய் எழுதியிருக்கிறார். தாய் இறந்தபோது பாடை தூக்க ஆள் இல்லை. இரண்டு பேர் இரங்கி வந்தார்கள். மகன் மூன்றாவது. நான்காவது ஆளாக மகள் நின்றாள். உயரம் குறைவானதால் தோளில் வைக்க முடியாமல் தலையில் சுமந்து, மூன்று மைல் நடந்தாள். சில மாதங்களில் மூத்த சகோதரியும் போனாள்.

இந்தப் பகுதியை வாசிக்கையில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இறந்தவர்களுக்குப் பாடைகூடக் கட்ட முடியாமல் வந்த எங்களில் பலருக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

அண்ணனும் தங்கையும் காஷ்மீர் வரை நடந்தார்கள். ஜீலம் நதிக்கரையில் குளிர் தாங்காமல் மணலில் குழி தோண்டி, தலையை மட்டும் வெளியே விட்டு உடலை மணலால் மூடிக்கொண்டு தூங்கினார்கள். சொன்ன விரதம் எல்லாம் பிடித்தோம், சொன்ன தானம் எல்லாம் கொடுத்தோம், ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்ற கேள்வி இந்த நடையில்தான் அவருக்குள் வளர்ந்தது. எங்கள் பிரசங்கிமார் சிலர் கதையை இவ்விடத்தில் நிறுத்தி, இந்து சமயத்தைக் குறைசொல்ல அதைப் பயன்படுத்துவதைக் கேட்டிருக்கிறேன். அடுத்த பக்கங்களை அவர்கள் புரட்டவில்லை போலும். அதே பெண் அதே பிடிவாதத்தோடு திருச்சபையையும் கேள்வி கேட்டார்.

1878 இல் கல்கத்தாவில் அறிஞர்கள் அவருடைய புலமையைச் சோதித்து பண்டிதா, சரஸ்வதி என்ற பட்டங்களை வழங்கினார்கள். 1880 இல் சகோதரனும் இறந்தான். அதே வருடம் வேறு சாதியைச் சேர்ந்த வங்காள வழக்கறிஞர் பிபின் பிஹாரி மேதாவியைப் பதிவுத் திருமணம் செய்தார். மனோரமா என்ற மகள் பிறந்தாள். 1882 பெப்ரவரியில் கணவரை வாந்திபேதி கொண்டுபோனது. இருபத்துநான்கு வயதுக்குள் தாய், தந்தை, சகோதரி, சகோதரன், கணவன் ஐவரையும் இழந்துவிட்டார். கணவரின் நூலகத்தில் அவர் கண்டெடுத்த வங்காள மொழி லூக்கா நற்செய்திப் பிரதி ஒன்று மட்டும் மனதில் தங்கியிருந்தது.

1883 இல் மருத்துவம் படிக்கும் எண்ணத்தோடு குழந்தையுடன் இங்கிலாந்து போனார். காது கேட்கும் திறன் குறைந்ததால் அந்த எண்ணம் கைகூடவில்லை. கூட வந்த தோழி அங்கே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வான்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடம் ரமாபாய்க்கு அடைக்கலம் கொடுத்தது. சமூகம் ஒதுக்கிய பெண்களை அந்தச் சகோதரிகள் இலண்டனில் பராமரித்ததைப் பார்த்தார். அப்படிப்பட்ட பெண்ணையும் மனுஷியாக நடத்தும் ஓரிடம் உண்டா என்று வியந்து கேட்டபோது, சமாரிய ஸ்திரீயோடு இயேசு பேசிய பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். அந்த வருடம் செப்டம்பர் 29 ஆம் திகதி அவரும் மகளும் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

ஞாயிறு பாடசாலைக் கதை இந்த இடத்தில் சுபமாக முடிந்துவிடும். சண்டை தொடங்கியதோ இதற்குப் பிறகுதான்.

திரித்துவம் வேதாகமத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கன்னியிடம் பிறந்தார் என்பதை ஏன் நம்பவேண்டும் என்று கேட்டார். இலத்தீன் எழுத்துப் பொறித்த சிலுவையைக் கொடுத்தபோது, தெரியாத மொழியை ஏன் கழுத்தில் தொங்கவிடவேண்டும், சமஸ்கிருதத்தில் எழுதினால் என்ன என்றார். மரக்கறி உணவை விட மறுத்தார். அவர் ஆண் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கக்கூடாது என்று இந்தியாவில் இருந்த ஆயர்கள் சொன்னபோது, தன் தாய்க்குக் கற்பித்ததால் ஊரை விட்டுப் போன தகப்பனின் மகள் அதை ஏற்கவில்லை. தனக்கு விளங்காத கோட்பாடுகளைத் தன் குழந்தைக்குக் கற்பிப்பதையும் எதிர்த்தார்.

அவருக்கு ஞானத்தாயாக இருந்த சகோதரி ஜெரால்டின் இவற்றில் அகந்தையைக் கண்டார். கீழ்ப்படியக் கற்றுக்கொள் என்பதே அவர் திரும்பத் திரும்ப எழுதிய புத்தி. அவர் கெட்டவர் அல்லர். ரமாபாயிடம் உண்மையான அன்பு வைத்திருந்தவர். ஆனால் பசியில் இருந்தபோதும் ஒருவர் சொன்னதையெல்லாம் நம்பி, செய்து, ஏமாந்த ஒருத்தியிடம் போய் இன்னொரு தடவை கேள்வி கேட்காமல் நம்பு என்று சொன்னால் அது எப்படி இறங்கும்? செல்ற்றன்ஹாம் மகளிர் கல்லூரியின் அதிபர் டொரத்தியா பீலுக்கு இது விளங்கியது. சந்தேகத்தின் இருளைத் தானும் கடந்து வந்தவர் அவர். ரமாபாயை வாதிட விட்டார், தானும் வாதிட்டார், வாய் மூடச் சொல்லவில்லை.

அந்தச் சண்டைக் கடிதங்களைப் பத்திரமாகச் சேர்த்து வைத்தவர் யார் தெரியுமா? அதே ஜெரால்டின்தான். அவை 1977 இல் நூலாக வந்தன.

ரமாபாய் 1886 இல் அமெரிக்கா போனார். அடுத்த வருடம் உயர்சாதி இந்துப் பெண்களின் நிலை பற்றிய அவருடைய ஆங்கில நூல் வெளிவந்தது. 1889 இல் பம்பாயில் இளம் விதவைகளுக்காக சாரதா சதன் என்ற இல்லத்தைத் திறந்தார். மறு வருடம் அது பூனாவுக்கு மாறியது.

எல்லாம் நடந்துகொண்டிருந்தபோதும் உள்ளே ஏதோ குறைந்தது என்று அவரே பின்னாளில் எழுதினார். 1891 அளவில் வில்லியம் ஹஸ்லம் என்ற ஆங்கிலிக்கன் குருவானவரின் வாழ்க்கை வரலாறு கையில் கிடைத்தது. வருடக்கணக்காகப் பிரசங்கித்துவிட்டு, பிறகுதான் உண்மையில் மனந்திரும்பியவர் ஹஸ்லம். ரமாபாய்க்குத் தன் நிலை விளங்கியது. கிறிஸ்தவ சமயத்தை அடைந்தோம், கிறிஸ்துவை இன்னும் அடையவில்லை என்று உணர்ந்தார். ஞானஸ்நானம் பெற்று எட்டு வருடங்களுக்குப் பிறகு! கிறிஸ்துவின் தெய்வீகத்தையும் அவர் முழுமனதாக ஏற்றார். மடம் பணித்ததால் அல்ல, சுற்றி நடந்து தானே வந்து சேர்ந்ததால்.

1893 இல் பூனாவில் மதமாற்றக் குற்றச்சாட்டு எழுந்தது. ஆதரவாளர்கள் விலகினார்கள். பல குடும்பங்கள் தங்கள் பெண்களை அழைத்துச் சென்றன. அவர் இல்லத்தை மூடவில்லை.

1896 இல் மத்திய மாகாணத்தில் பஞ்சம் வந்தது. ரமாபாய் நேரில் போனார். நிவாரண முகாம்களிலும் தெருவோரங்களிலும் எலும்பும் தோலுமாக இருந்த சிறுமிகளைக் கண்டபோது திருப்பதிக் காடு அவருக்கு மறந்திருக்கவா செய்யும்? சில மாதங்களில் முந்நூறு பேர் வரை அழைத்து வந்தார். பூனாவுக்கு அருகே கெட்காவ் என்ற ஊரில் வாங்கியிருந்த நிலத்தில் முக்தி என்ற இல்லம் எழுந்தது. 1900 இல் குஜராத் பஞ்சத்துக்குப் பின் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். பார்வையற்றோருக்குத் தனி இடம் இருந்தது. நெசவு, பயிர்ச்செய்கை, அச்சுவேலை எல்லாவற்றையும் பெண்களே செய்தார்கள். நாங்கள் ஏன் பட்டினி கிடந்தோம் என்ற பழைய கேள்விக்கு அவர் பதில் எழுதியதாக எங்கும் நான் காணவில்லை.

பிற்கால ரமாபாயுடன் எனக்கு முழு உடன்பாடு இல்லை. 1905 எழுப்புதலுக்குப் பின் அவருடைய பார்வை ஒடுங்கியது என்றே நினைக்கிறேன். வேதாகமத்தை மொழிபெயர்த்தபோது இந்து சமயச் சாயல் உள்ள சமஸ்கிருதச் சொற்களைத் தேடித்தேடித் தவிர்த்தார். சிலுவையில் சமஸ்கிருதம் கேட்ட இளம்பெண்ணை அங்கே காணவில்லை. ஆனால் அந்த வேலைக்காக நடுவயதுக்குப் பின் எபிரேயமும் கிரேக்கமும் கற்றார். பிறர் மொழிபெயர்த்ததை நம்பி விடாமல், மூலத்தில் என்ன இருக்கிறது என்று தானே பார்க்க விரும்பினார். அந்தப் பழக்கம் மட்டும் கடைசிவரை போகவில்லை.

1921 யூலையில் மகள் மனோரமா இறந்தார். தாய்க்குப் பின் முக்தியை நடத்துவார் என்று எல்லோரும் எதிர்பார்த்த மகள் அவர். காதும் கேட்காத ரமாபாய் அதற்குப் பிறகும் மேசையில் இருந்து அச்சுப்படிகளைத் திருத்தினார். 1922 ஏப்ரல் 5 ஆம் திகதி இறந்தார். பஞ்சத்திலிருந்து அவர் தூக்கி வந்த பெண்கள் எழுத்துக் கோத்த அந்த மராத்தி வேதாகமம் 1924 இல் வெளிவந்தது.