மேலவளவு முருகேசனும் மிரட்டலின் விலையும்

மக்கள் பிரதிநிதி ஒருவரை மிரட்டியதாக யாரேனும் கைது செய்யப்படும்போதெல்லாம் இரண்டு வாதங்கள் எழுகின்றன. வெறும் பேச்சுக்காக ஒருவரைச் சிறையில் அடைப்பதா என்பது ஒன்று. பொதுவாழ்வில் இருப்பவரை நோக்கிக் கடுஞ்சொல் வீசினாலே அது மிரட்டல்தான் என்பது மற்றொன்று. இரண்டையுமே என்னால் ஏற்க முடிவதில்லை. இத்தகைய விவாதத்தைக் கேட்கும்போது என் நினைவுக்கு வருபவர் மேலவளவு முருகேசன். அவர் சட்டமன்ற உறுப்பினரோ அமைச்சரோ அல்லர். ஆறு மாத காலம் ஓர் ஊராட்சி மன்றத்தின் தலைவர்.

பேரணையிலிருந்து வரும் பெரியாறு பிரதானக் கால்வாயின் நீரில் எங்கள் அலங்காநல்லூர்ப் பகுதி வயல்கள் விளைகின்றன. அதே கால்வாய் கள்ளந்திரியைக் கடந்து மேலூர் வட்டாரத்துக்குச் செல்கிறது. அந்த மேலூரை அடுத்துள்ள ஊர் மேலவளவு. 1996-இல் நான் மதுரைக் கல்லூரி ஒன்றில் பொருளியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஊராட்சிகளின் நிதி நிலை குறித்து ஓர் ஆய்வும் செய்துவந்தேன். இட ஒதுக்கீடு பெற்ற தலைவர் பதவிகளில் தேர்தல் நடைபெறாதவற்றைப் போட்டியாளர் இல்லை என்ற தலைப்பின்கீழ் அட்டவணையிட்டிருந்தேன். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த மாணவர் ஒருவர், போட்டியாளர்கள் இருந்தார்கள், மிரட்டியதால் விலகிவிட்டார்கள் என்று என்னிடம் சொன்னார். அதை ஊர்ப்பேச்சு என்று ஒதுக்கினேன். அட்டவணையைத் திருத்தவில்லை.

அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. அதன்கீழ் முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996 அக்டோபரில் அறிவிக்கப்பட்டபோது, மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக ஊர் நிர்வாகத்தைத் தம் பிடியில் வைத்திருந்த ஆதிக்க சாதியினர் பலருக்கு இது பொறுக்கவில்லை.

இங்கே பொருளியல் ஆசிரியனாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தச் சினத்தை வெறும் கௌரவப் பிரச்சினை என்று பலர் எழுதுகிறார்கள். கௌரவமும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், சிற்றூர்களில் கண்மாய் மீன்பாசிக் குத்தகை, புறம்போக்கு மரங்களின் ஏலம், தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாலைப் பணி ஆகியவற்றில் யார் பேச்சு எடுபடும் என்பது தலைவர் நாற்காலியைப் பொறுத்தது. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் இணைந்து கையெழுத்திட வேண்டும். நேற்றுவரை தம் வயலில் கூலிக்கு நின்றவரின் கையெழுத்துக்காக இன்று காத்திருக்க வேண்டும் என்பதுதான் அந்த நாற்காலி கொண்டுவந்த மாற்றம்.

முருகேசனின் பொதுவாழ்வு மொத்தம் ஒன்பது மாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. முதல் சுற்றில், மனுச் செய்தால் உயிர் தங்காது என்ற எச்சரிக்கை சேரிக்குள் வந்து சேர்ந்தது. வீடுகள் தீவைக்கப்பட்டன. மனுச் செய்தவர்கள் விலகினார்கள். அக்டோபர்த் தேர்தல் நடைபெறவில்லை. டிசம்பர் 28 அன்று மீண்டும் வாக்குப்பதிவு தொடங்கியபோது, வாக்குச்சாவடியில் வன்முறை மூண்டு வாக்குப்பெட்டிகள் பறிக்கப்பட்டன. மூன்று நாள் கழித்து, ஆண்டின் கடைசி நாளில், பலத்த காவலோடு மறுபடியும் தேர்தல் நடந்தது. முருகேசன் வென்றார்.

வென்றவர் எதைப் பெற்றார்? ஊராட்சி அலுவலகத்தில் இயல்பாக அமர்ந்து பணியாற்ற அவரால் இயலவில்லை. பாதுகாப்புக் கோரி அதிகாரிகளிடம் நடையாய் நடந்தார். எல்லாரும் அறிந்த மிரட்டல் அது. மறைவாகச் சொல்லப்பட்டதன்று, கடைத்தெருவிலும் களத்துமேட்டிலும் பேசப்பட்டது. அவர் விலகியிருந்தால் உயிரோடு இருந்திருப்பார், பதவி காலியாகக் கிடந்திருக்கும், என் போன்றவர்களின் அட்டவணையில் மேலும் ஒரு வரி சேர்ந்திருக்கும்.

அந்த 1997-ஆம் ஆண்டு மதுரைக்குக் கொடிய ஆண்டு. ஏப்ரல் 23 அன்று வில்லாபுரத்தில், தம் வட்டத்து மக்களின் குடிநீருக்காகப் போராடிய மாநகராட்சி மாமன்ற உறுப்பினர் லீலாவதி பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். நகரம் அதிர்ந்தது, பேரணிகள் நடந்தன. அதன்பின் பத்து வாரம்கூட ஆகவில்லை.

ஜூன் 30 ஒரு திங்கட்கிழமை. எரிக்கப்பட்ட வீடுகளுக்கு இழப்பீடு கேட்பதற்காக முருகேசனும் அவருடன் சிலரும் மதுரை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சென்றிருந்தார்கள். மாலையில் மேலூரிலிருந்து ஊர் திரும்பும் பேருந்தில் ஏறினார்கள். மேலவளவுக்கு அருகில் அக்ரகாரம் என்னுமிடத்தில் பேருந்து மறிக்கப்பட்டது. முருகேசன், துணைத் தலைவர் மூக்கன் உள்ளிட்ட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். முருகேசனின் தலை துண்டிக்கப்பட்டுக் கிணற்றில் வீசப்பட்டது. தலைவர், துணைத் தலைவர் என்று காசோலையில் கையெழுத்திடும் இருவருமே அன்று மாண்டார்கள் என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன்.

கொலையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. எனக்கு உறுத்துவது அதற்கு முந்தைய ஒன்பது மாதங்கள். அந்த நாட்களில் மிரட்டலைத் தண்டிக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. கொலை மிரட்டலுக்கு அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 506ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறை விதித்தது. வேட்பாளரையோ வாக்காளரையோ அச்சுறுத்துவது தேர்தல் குற்றம் என்று அதே சட்டம் சொன்னது. பட்டியல் சாதியினரை இன்னாருக்கு வாக்களி, அல்லது வாக்களிக்காதே என்று அச்சுறுத்துவதை 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தனிக் குற்றமாகவே வைத்திருந்தது. இத்தனையும் இருந்தும், ரத்தம் சிந்தும்வரை மிரட்டல் வெறும் பேச்சாகவே நடத்தப்பட்டது. பேச்சுரிமையின்மீது கொண்ட மதிப்பினால் அன்று, அசட்டையினால்.

இதே 1989-இல் பேச்சுரிமை பற்றி உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்தே எழுந்தது. சாதிவாரி இட ஒதுக்கீட்டை விமர்சித்த ஒரே ஒரு கிராமத்திலே என்ற திரைப்படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியிருந்தது. படம் வெளியானால் வன்முறை நிகழும் என்று மாநில அரசு வாதிட்டது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வன்முறை அச்சுறுத்தலைக் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்கலாகாது, அப்படிச் செய்வது மிரட்டுபவரிடம் சட்டத்தின் ஆட்சி சரணடைவதாகும், உரிமையைக் காப்பது அரசின் கடமை என்பது அதன் சாரம். ரங்கராஜன் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். அந்தப் படத்தின் கருத்து எனக்கு உடன்பாடானதன்று, தீர்ப்பு சரியானது. இட ஒதுக்கீட்டை எதிர்த்துப் படமெடுத்தவருக்கு அரசு தர வேண்டிய அதே காவல், இட ஒதுக்கீட்டின்படி மனுச் செய்தவருக்கும் உரியது அல்லவா? ஏழாண்டு கழித்து மேலவளவில் மிரட்டலுக்குப் பணிந்து மனுக்கள் திரும்பப் பெறப்பட்டன, தேர்தல் நின்றுபோனது. தீர்ப்பு கண்டித்த சரணாகதி அதுதான்.

பொருளியலில் புறவிளைவு என்று ஒன்றைச் சொல்வோம். ஒருவர் செய்யும் செயலின் செலவு அவர்மீது விழாமல் அயலார்மீது விழுவது. மிரட்டல் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. விடுப்பவருக்கு ஒரு வாக்கியம். கேட்பவருக்கு உறக்கம், வேலை, பதவி. அது விழுங்குவதும் பெரும்பாலும் இன்னொருவரின் பேச்சைத்தான். மனுச் செய்வது ஒரு பேச்சு; வாக்களிப்பது ஒரு பேச்சு; ஆட்சியரிடம் இழப்பீடு கேட்பதும் பேச்சுதான். ஆகவே மிரட்டலைக் கட்டுப்படுத்துவதைப் பேச்சுரிமைக்கு வைக்கும் வரம்பு என்று மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003-இல், கறுப்பின மக்களை அச்சுறுத்தச் சிலுவையை எரிக்கும் வழக்கம் குறித்த வழக்கில் ஏறத்தாழ இந்த முடிவுக்கே வந்தது. சொன்னதைச் செய்யும் எண்ணம் மிரட்டுபவருக்கு இருக்கத் தேவையில்லை. அச்சத்தை விளைவிப்பதே கேடு என்றது. பேச்சுரிமைக்கு உலகிலேயே மிக விரிந்த இடம் தரும் நீதிமன்றம் அது.

வெற்றி பெற்ற மிரட்டல் தடயம் விடுவதில்லை என்பது இன்னொரு சிக்கல். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாப்பாபட்டியையும் கீரிப்பட்டியையும் அவற்றோடு நாட்டார்மங்கலத்தையும் எண்ணிப் பாருங்கள். அங்கும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் அங்கே ஒரு தலைவர் நிலைத்து அமரவில்லை. மனுச் செய்ய ஆள் வராது. வந்து வென்றாலும் உடனே விலகல் கடிதம் கொடுத்துவிடுவார். மேலவளவைப் பார்த்தபின் அங்கே யாரும் வாய் திறந்து மிரட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர் ஊராக அமர்ந்து பேசி 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. அதுவரை காவல்துறைப் பதிவேட்டைப் பார்த்தவருக்கு அவை அமைதியான ஊர்களாகவே தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் சொல்வதால், அரசியல்வாதியைத் திட்டியவனை எல்லாம் பிடித்து உள்ளே போடுங்கள் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். 2017 ஜனவரி 22 அன்று அன்றைய முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் எங்கள் வாடிவாசலைத் திறந்துவைக்க மதுரை வரை வந்தார். நிரந்தரச் சட்டம் வேண்டும் என்ற மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. சல்லிக்கட்டைத் தொடங்கிவைக்காமலேயே அவர் சென்னை திரும்பினார். அந்த நாட்களில் மாநில, மத்திய ஆட்சியாளர்களைப் பற்றித் தெருவில் என் காதில் விழுந்த சொற்களை இங்கே எழுத முடியாது. சாலையை அடைத்தது பேச்சின் எல்லையைக் கடந்ததுதான். அது தனி வழக்கு. ஆனால் அந்தச் சொற்கள் மிரட்டல் அல்ல. முதலமைச்சர் தம் அலுவலகத்துக்குத் திரும்பினார். மறுநாள் சட்டமன்றம் கூடிச் சட்டம் இயற்றியது. முருகேசனுக்குத் திரும்ப அலுவலகம் இல்லை.

எனவே எவ்வளவு காரமான சொல் என்பதைக் காட்டிலும், யார் யாரிடம் சொன்னார், அதை நிறைவேற்றும் வலிமை சொன்னவருக்கு உண்டா, கேட்டவருக்குப் போக்கிடம் உண்டா என்பனவே கேட்க வேண்டிய கேள்விகள். பொதுக் கூட்டமொன்றில், தன் கையில் துப்பாக்கியைத் திணித்தால் முதல் குறி குடியரசுத் தலைவர் ஜான்சன்தான் என்ற பொருள்படப் பேசிய இளைஞரை 1969-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விடுவித்தது. கேட்டவர்கள் சிரித்தார்கள் என்பதையும் அது கருத்தில் கொண்டது. மேலவளவுச் சேரியில் யாரும் சிரிக்கவில்லை. நம் நாட்டிலோ இந்த இரண்டும் தலைகீழாகிவிடுகின்றன. ஆட்சியில் இருப்பவரைக் கேலி செய்த மாணவர்மீது மறுநாளே வழக்கு. ஊராட்சித் தலைவர் கொடுத்த புகார் ரசீதோடு நின்றுவிடும்.

வழக்கு சேலத்துக்கு மாற்றப்பட்டு, குற்றஞ்சாட்டப்பட்ட நாற்பது பேரில் பதினேழு பேருக்கு 2001 ஜூலையில் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் 2006-இலும் உச்ச நீதிமன்றம் 2009-இலும் அதை உறுதி செய்தன. தண்டனை பெற்றவர்களில் மூவர் 2008-இலும் பதின்மூவர் 2019 நவம்பரிலும் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டனர். கருணையின் பேரில் விடுவிப்பதை நான் கொள்கையளவில் எதிர்ப்பவன் அல்லன். ஆனால் மேலவளவில் அடுத்து நாற்காலியில் அமரப்போகிறவரின் காதில் அந்தச் செய்தி எப்படி விழும் என்பதை விடுவித்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

சட்டம் பிறகு கூர்மையாக்கப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர் மனுச் செய்வதை அச்சுறுத்தித் தடுப்பதையும், ஊராட்சித் தலைவராகவோ உறுப்பினராகவோ உள்ளவரைக் கடமையாற்ற விடாமல் மிரட்டுவதையும் வெளிப்படையாகக் குற்றமாக்கியது. முருகேசன் பட்ட ஒவ்வொன்றும் இன்று ஒரு பிரிவின்கீழ் வருகிறது. அப்பிரிவுகள் பயன்பட வேண்டுமானால் புகார் வர வேண்டும். அஞ்சி விலகியவரிடமிருந்து புகார் வராது. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் படிவத்தில் பெயரும் கையெழுத்தும் இருந்தால் போதும், ஏன் என்ற கேள்வி இல்லை. ஒதுக்கீட்டு ஊராட்சியில் எல்லா மனுக்களும் திரும்பப் பெறப்பட்டாலோ, வென்றவர் சில நாட்களில் விலகினாலோ, புகாருக்குக் காத்திராமல் மாநிலத் தேர்தல் ஆணையம் தானே விசாரிக்க வேண்டும் என்று விதி செய்வதற்கு அதிகச் செலவு ஆகாது.

என் பழைய ஆய்வேட்டின் படி ஒன்று இன்னும் அலமாரியில் இருக்கிறது. போட்டியாளர் இல்லை என்ற அந்தத் தலைப்பை அண்மையில் பேனாவால் அடித்துவிட்டு, மிரட்டலால் விலகியவை என்று மேலே எழுதினேன். அதன்கீழ் உள்ள ஊர்களில் எவை உண்மையிலேயே அந்தத் தலைப்புக்கு உரியவை என்று கேட்டறிய அன்று எனக்கு வாய்ப்பு இருந்தது. அந்த மாணவர் வகுப்பின் மூன்றாவது வரிசையில்தான் அமர்ந்திருந்தார்.