வரிகளுக்கு இடம் விட்டவர்

காகிதம் மிச்சமாகட்டும்னு புராஜெக்ட் ரிப்போர்ட்டை சிங்கிள் ஸ்பேசில் நெருக்கி அடித்தேன். சார் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்துட்டார். அந்தக் கடுப்போடு ஃபாண்ட் பட்டியலைப் பார்த்தபோது கண்ணில் பட்ட பெயர் பாஸ்கர்வில். யாருடா இவர் என்று தேடிப் படித்தேன்.

ஜான் பாஸ்கர்வில், இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் கையெழுத்து சொல்லித் தந்த வாத்தியார். கல்லறைக் கல்லில் எழுத்தும் வெட்டினார். பிறகு பளபளக்கும் வார்னிஷ் பூசிய தட்டுகள் செய்து நல்லா சம்பாதித்தார். 1750 வாக்கில் அந்தக் காசை அச்செழுத்தில் கொட்டினார். எழுத்து, மை, காகிதம் எல்லாவற்றிலும் கை வைத்தார். முதல் புத்தகமான வர்ஜில் கவிதைகள் 1757-ல்தான் வெளிவந்தது!

அன்று வரி இடைவெளிக்கு மெனு ஏது? வரிகளுக்கு நடுவே ஈயப் பட்டையைச் செருக வேண்டும். இடம் விட்டால் பக்கம் கூடும், செலவு ஏறும். தெரிந்தும் தாராளமாக விட்டார், ஓரங்களிலும் விட்டார். நகாசு வேலையைக் குறைத்தார். மெல்லிசும் தடிமனுமான அவர் எழுத்து கண்ணைக் கெடுக்கும் என்று சிலர் குறை சொன்னார்கள். 1763-ல் பைபிளை அச்சிட்டார், அதிலும் லாபமில்லை. 1775-ல் மறைந்தார். 1779-ல் அவர் மனைவி அச்செழுத்துகளைப் பிரான்சுக்கு விற்றார். எழுத்து மட்டும் நம்ம கம்ப்யூட்டர் வரை வந்துவிட்டது.

ரிப்போர்ட்டை 1.5 இடைவெளியில் மறுபடி எடுத்தேன். பக்கம் கூடியது. சார் கடைசிவரை படித்து, என் கணக்கில் ஒரு தப்பையும் கண்டுபிடித்தார். நெருக்கி அடித்ததில் அது எனக்கே தெரியாமல் ஒளிந்திருந்தது!